‘ஆள் சரியா?’ தொகுப்பை அழிக்காதே

கதிரு,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. மணி போகிறது, நீ எடுப்பதில்லை. உன் அம்மா கூப்பிட்டால் மட்டும் எடுத்து, “அப்பா பக்கத்துல இருக்காகளா?” என்று கேட்கிறாய். இருக்கிறேன் என்றால் வைத்துவிடுகிறாய். சரி, வைத்துக்கொள். இதை எழுதி முடித்ததும் உன் கூட்டாளி ஜெபாவிடம் கொடுப்பேன். உங்கள் ‘ஈரத்திரி’ இசைக்குழுவின் இணையப் பக்கத்தில், நீ போட்ட அறிவிப்புக்குக் கீழேயே அவன் இதைப் போட்டுவிடுவான். நீ ஊரறியச் சொன்னாய், நானும் ஊரறியப் பதில் சொல்கிறேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு வந்து ரொம்ப நாளாகிறது.

உன் அறிவிப்பைப் படித்தேன். உங்கள் முதல் பாட்டுத் தொகுப்பான ‘ஆள் சரியா?’ பக்குவமில்லாத வயதில் செய்த பிழையாம். மனம் புண்பட்டவர்கள் மன்னிக்க வேண்டுமாம். வைகாசியில் உன் கல்யாணத்துக்கு முன்பாக எல்லா இடத்திலிருந்தும் அதை எடுத்துவிடப் போகிறீர்களாம். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எடுக்காதே. இப்படிக் கேட்பதால் உன் கல்யாணமே நின்றுபோகலாம் என்று நீ பயப்படுவது எனக்குத் தெரியாமல் இல்லை. பவித்ராவின் தாய்மாமன் கருப்பசாமி, “அந்தக் கருமம் இருக்குற வரைக்கும் எங்க பிள்ள உங்க வீட்டு வாசப்படிய மிதிக்காது” என்று சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்தைப் பார்க்கிறவர்களில் பாதிப்பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பார்கள், அவர்களுக்கு நான் யாரென்று தெரியாது. நான் வேன் ஓட்டுகிறவன். மல்லாங்கிணறு பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருகிற வேன். நடுவில் கிடைக்கிற பகல் முழுவதும் கம்பெனி கேட்டுக்கு வெளியே, வண்டிக்குள் உட்கார்ந்திருப்பேன். பேப்பர் படிப்பேன், தூங்குவேன், பாட்டுக் கேட்பேன். அந்த வேனில் நான் அதிகம் கேட்டது என் மகனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் லேப்டாப்பில் செய்த ‘ஆள் சரியா?’தான். பாடுகிறவர் இல்லை, வரிகள் இல்லை, எல்லாம் சத்தம். ஆனாலும் நான் அதைப் பாட்டு என்றுதான் சொல்லுவேன். அந்தக் குழுவுக்கு முதல் ரசிகன் நான். பெற்றவன் என்பதால் ரசிகன் ஆனேன் என்று நினைக்காதே. உன் இரண்டாவது தொகுப்பை நான் பாதிக்கு மேல் கேட்டதில்லை.

இப்போது நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். நீ அதைப் பற்றிப் பேசவே விடமாட்டேன் என்கிறாய், எழுதுகிறவனை யார் தடுப்பது? அச்சங்குளத்தில் பெண் வீட்டார் பிடித்திருந்த மண்டபம். தட்டு மாற்றியாயிற்று, பந்தி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையைக் கௌரவிக்கிறோம் என்று ஜெபாவும் சரவணனும் மேடையோரமாக லேப்டாப்பை வைத்து, மண்டபத்து ஸ்பீக்கர்களில் இணைத்தார்கள். ஆளுயர ஸ்பீக்கர்கள். அந்தத் தொகுப்பின் நாலாவது பாட்டு ஓடியது. முதலில் அந்த மெல்லிய இரைச்சல். யாரும் கவனிக்கவில்லை, சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த ஒரு சத்தம் வந்தது.

தொம்மென்று.

அடுத்த நொடி நாற்காலிகள் சாய்ந்தன. ஒருவரும் கத்தவில்லை, கவனித்தாயா? வெளியூர்க்காரர்களாக இருந்தால் கத்தியிருப்பார்கள். நம் ஜனம் வாயை மூடிக்கொண்டுதான் ஓடும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, எச்சில் கையோடு அத்தனை பேரும் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்ததும் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று தேடினார்கள். சிலர் அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டார்கள். பவித்ராவின் அம்மா மாரியம்மாள் படியில் கால் தடுக்கி விழுந்து, மணிக்கட்டு உடைந்து, வலி தெரியாமல் இன்னொரு கையால் போனை அழுத்திக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் தம்பி மனைவி சீசன் வேலைக்காக ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனிக்குப் போயிருந்தாள்.

இதைக் கேள். நானும் ஓடினேன். அது என்ன சத்தம் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான். தினமும் வேனில் கேட்டவன். இலையில் பாயசம் ஊற்றியிருந்தது, அதை மிதித்துக்கொண்டு ஓடினேன். ஏன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். என் வேன் ஸ்பீக்கர் கையகலம்தான் இருக்கும், அதில் அந்தச் சத்தம் காதுக்கு மட்டும் வரும். மண்டபத்தில் அது தரை வழியாகக் கால்களுக்கு வந்தது. நம் பக்கத்தில் எவருக்கும் விபத்து முதலில் காலில்தான் தெரியும், காது அப்புறம்தான். செருப்பில்லாமல் வெடிமருந்து அறையில் வேலை பார்த்துப் பழகிய கால்கள். அதனால் ஓடியவர்களை விவரம் கெட்டவர்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அவர்கள் ஓடியது சரி. நானும் சரியாகத்தான் ஓடினேன்.

ரோட்டில் நின்றதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கே தெரியவில்லை, உன் அம்மா பிறகு சொன்னாள். சத்தம் போட்டுப் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டேனாம். நம் வீட்டு ஆட்கள், வேனில் வந்த பெண்கள், ஒவ்வொருவராக. அவர்களும் “இருக்கேன்”, “இருக்கேன் அண்ணாச்சி” என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் சொல்லி முடித்ததும்தான் அது உங்கள் பாட்டு என்று எனக்கு நினைவு வந்தது. திரும்பி மண்டபத்துக்குள் போனேன். உள்ளே ஓர் ஈ காக்கை இல்லை. பாதி சாப்பிட்ட இலைகள், கவிழ்ந்த டம்ளர்கள். அந்த ஸ்பீக்கர்களில் என் குரல் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. “பேச்சி? முருகாயி? செல்வி, ரெண்டு செல்வியும்?” ஒவ்வொருத்தியும் “இருக்கேன்” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். காலி மண்டபத்துக்கு.  பின்னாலேயே வந்த கருப்பசாமி ஒயரைப் பிடுங்கி எறிந்தார். வாசலில் நின்றிருந்த உன்னைப் பார்த்து, “ஏலே, எங்க சாவு உங்களுக்குப் பாட்டாலே?” என்று கேட்டார். நீ தலைகுனிந்துகொண்டாய்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டதற்காக இல்லை. அவர் தன் அண்ணனைப் பட்டாசுத் தீயில் பறிகொடுத்தவர், கேட்பார். நீ ஏன் பதில் சொல்லவில்லை? அது சாவு இல்லை என்று உனக்குத் தெரியாதா? அது என் வேன் கதவு!

படிக்கிற மற்றவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் வேலை விட்டதும் பெண்கள் வேனில் ஏறுவார்கள். நான் வாசலில் நின்று பெயர் கூப்பிடுவேன். எல்லாரும் பதில் சொன்ன பிறகு, “ஆள் சரியா?” என்று ஒரு தடவை பொதுவாகக் கேட்பேன். “சரி, சரி, எடுங்க” என்பார்கள். கதவை இழுத்து அறைவேன். அது பழைய வண்டி, அறையாவிட்டால் சாத்தாது. ஒருத்தி பதில் சொல்லவில்லை என்றால் வண்டி நகராது. எத்தனை பேர் என்ன திட்டினாலும் நகராது. கதிரும் ஜெபாவும் சரவணனும் காலேஜ் முடித்த வருஷம் வண்டியின் முன்னால் ஒரு ரெக்கார்டரை வைத்துவிட்டுப் போனார்கள். பெண்களிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, ஒரு வாரத்தில் நானும் அவர்களும் அதை மறந்துவிட்டோம். அந்தக் கதவுச் சத்தத்தைத்தான் இவர்கள் லேப்டாப்பில் இழுத்து இழுத்துக் கனமாக்கினார்கள். எல்லாரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள் என்பதற்குத்தான் அந்தச் சத்தம். அதைக் கேட்டுத்தான் நாம் அத்தனை பேரும் ஓடினோம். வேறு எந்த ஊர்க்காரனும் இப்படித் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டான்.

நீ ஒன்று சொல்லலாம். கதவை முதலில் வைத்து, பெயர்களைப் பின்னால் வைத்தது நாங்கள்தானே, அது வெடி மாதிரிக் கேட்கட்டும் என்றுதானே செய்தோம் என்று. தெரியும். சரவணன் என்னிடம் அன்றைக்கே சொன்னான். அதனால்தான் அது நல்ல பாட்டு. முதலில் நெஞ்சைப் பிடிக்க வைக்கிறது, பிறகு ஒவ்வொரு பெயராகச் சொல்லி அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. கடைசிப் பெயருக்கு வரும்போது நான் ஒவ்வொரு தடவையும் மூச்சு விடுகிறேன். எத்தனை தடவை கேட்டாலும் எல்லாரும் இருக்கிறார்கள். உன் இரண்டாவது தொகுப்பில் எனக்கு அப்படி ஓர் இடம் காட்டு, நான் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறேன்.

அந்த முதல் தொகுப்பில் குறை இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்றாவது பாட்டு அறுவை. அது வந்தால் நான் தாண்டிவிடுவேன், இதை நேரிலேயே உன்னிடம் சொல்லியிருக்கிறேன். முதல் பாட்டில் அச்சாபீஸ் மிஷின் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல் போய்க்கொண்டே இருக்கிறதே, அதைத்தான் எல்லாரும் கேலி செய்தார்கள். நானும் செய்தேன். “ஏண்டா, ஃபேன் ரிப்பேரா?” என்று கேட்டேன், நீ இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் நாலைந்து தடவை கேட்டால் அந்த இரைச்சலுக்குள் ஏற்ற இறக்கம் இருப்பது தெரியும். பொறுமை இல்லாதவனுக்குத் தெரியாது. இரண்டாவது, ‘கூடை’. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் பெண்கள் எல்லாரும் அதை என் வண்டியில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். ஒருநாள் மேற்கே எங்கேயோ வெடித்தது. நம் கம்பெனி இல்லை. ஆனால் கூடையில் இருந்த அத்தனை போன்களும் ஒன்றாக மணி அடித்தன. நான் ஒவ்வொன்றாக எடுத்து, “இங்கன இல்ல. எல்லாரும் நல்லா இருக்காக. அழாதீக” என்று சொல்லச் சொல்ல, வைத்த போனே திரும்ப அடித்தது. ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. என் பேச்சை எடுத்துவிட்டு மணிச் சத்தத்தை மட்டும் வைத்துப் பின்னியிருக்கிறீர்கள். அழுகை ஒன்றுகூட இல்லை, ஆனால் அந்த நாள் முழுவதும் அதில் இருக்கிறது. இருபது வயதுப் பையன்களுக்கு அழுகையைப் பாட்டில் சேர்க்காமல் விட வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அதைப் பக்குவமில்லாத வேலை என்று நீ எழுதுகிறாய்!

இப்போது உனக்குப் பிடிக்காததைச் சொல்கிறேன். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே உனக்கு அந்தத் தொகுப்பு கசந்துவிட்டது. சென்னைப் பாட்டுக் கம்பெனிக்காரர்கள் உங்களோடு சேர்ந்த பிறகு எவனோ பேட்டி எடுத்தானே, அப்போதே “அது சின்னப் பசங்க விளையாட்டு” என்று சிரித்தாய். நான் வண்டியில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அந்த விளையாட்டில் என் குரல் இருக்கிறது, எங்கள் பெண்கள் குரல் இருக்கிறது, அதனால் எனக்கு வலித்தது என்று வைத்துக்கொள், நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் கருப்பசாமி மேல் பழியைப் போட்டு, உனக்கு வெட்கமாக இருப்பதை நீ ஒளிக்கிறாய். உனக்கு அது சாக்கு. ஊர் மனம் புண்பட்டது என்று எழுதினாயே, ஊரில் யாரிடமாவது போய்க் கேட்டாயா?

நான் போனேன். உன்னிடம் சொல்லாமல், உன் அம்மாவிடமும் சொல்லாமல், போன வாரம் அச்சங்குளத்துக்குப் போனேன். வண்டியிலேயே போனேன். மாரியம்மாள் கையில் கட்டோடு வாசலில் உட்கார்ந்து அரிசி புடைக்க முடியாமல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு முதலில் துணியைக் கிழித்துக் கையைக் கட்டிய ஜெபாவின் அம்மாதான், நர்ஸ் ஆயிற்றே, பிறகு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்டேன். “அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே” என்றார். அப்புறம், “அது என்ன சத்தம்னு பவித்ரா சொன்னா. வேன் கதவுன்னு. நெசமா?” என்று கேட்டார். “நெசந்தாம்மா. அங்கன நிக்குதே, அந்த வண்டிதான்.” கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாங்க பாதியிலயே ஓடிட்டோம்ல. மிச்சம் என்ன இருக்குது அதுல?”

வண்டியில் ஏற்றி உட்கார வைத்தேன். “இப்ப அந்தச் சத்தம் வரும்” என்று முன்கூட்டியே சொன்னேன். நல்ல கையால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சத்தம் வந்தது. அவர் கண்ணை மூடினார், எழுந்திருக்கவில்லை. பெயர்கள் ஆரம்பித்தன. ஒவ்வொரு “இருக்கேன்”னுக்கும் அவர் தலை லேசாக ஆடியது. முடிந்ததும், “அம்புட்டுப் பேரும் சொல்லிட்டாகளா?” என்று கேட்டார். “சொல்லிட்டாகம்மா.” “இப்பவும் எல்லாரும் இருக்காகளா?” பொய் சொல்ல வாய் வரவில்லை. ஒருத்தி இல்லை என்றேன். வெடிமருந்தில் போகவில்லை, மஞ்சள் காமாலையில் போனாள். அவள் மகன் வெளிநாட்டில் இருந்துகொண்டு அவள் “இருக்கேன்” என்று சொல்கிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பதாக என்னிடம் சொன்னான் என்றேன். மாரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவர் சொன்னதுதான் உனக்குத் தெரிய வேண்டியது. “எங்க கம்பெனியில புது வெடி செஞ்சா, சாயங்காலம் மைதானத்துல ஒண்ணு வெடிச்சுப் பாப்பாக. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரூமுக்கும் ஆள் விட்டுச் சொல்லிருவாக, சத்தம் வரப்போகுதுன்னு. சொல்லிட்டா நாங்க பாட்டுக்குத் திரி கட்டிட்டு இருப்போம், ஒருத்தரும் தலை நிமிர மாட்டோம். சொல்லாம வெடிச்சா அம்புட்டுப் பேரும் ஓடத்தான் செய்வோம். உங்க பிள்ளைக சொல்லல. அதுதான் தப்பு. வேற என்ன தப்பு?”

நான் எத்தனை வருஷமாக அந்த கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை தடவை, “டிரைவரே, இப்பச் சத்தம் வரும்” என்று வாட்ச்மேன் எனக்கும் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்குத் தோன்றவில்லை. உனக்கும் ஜெபாவுக்கும் சரவணனுக்கும் தோன்றவில்லை. நாம் நாலு பேரும் இந்த மண்ணில்தான் பிறந்தோம் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது. சொல்லாமல் போட்டது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேள், கருப்பசாமியின் காலில் விழ வேண்டுமென்றாலும் விழு, நானும் கூட விழுகிறேன். ஆனால் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்காமல், செய்யாத தப்புக்குப் பாட்டை அழிக்காதே.

கருப்பசாமி இன்னும் இறங்கி வரவில்லை. அதை மறைக்கமாட்டேன். மாரியம்மாள் அவரிடம் பேசியிருக்கிறார், “நீ ஒருத்தி கேட்டா ஊர் கேட்ட மாதிரியா?” என்று அவர் கத்தியிருக்கிறார். அவரையும் வண்டியில் ஏற்றிக் கேட்க வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை. கல்யாணம் நிற்குமா நடக்குமா என்று எனக்குத் தெரியாது, தூக்கம் வரவில்லை, உன் அம்மா என்னை முறைத்துக்கொண்டே சோறு போடுகிறாள். பவித்ரா மட்டும் போன் செய்து, “மாமா, அவர அழிக்க விடாதீங்க. பின்னால என்னையத்தான் சொல்வாரு, ஒனக்காகத்தான் அழிச்சேன்னு” என்றாள். அந்தப் பெண்ணுக்கு இருக்கிற தெளிவு உனக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும், கருப்பசாமி சம்மதித்தால், மைக்கை நான் பிடிப்பேன். “இப்ப ஒரு சத்தம் வரும், யாரும் எந்திரிக்காதீக, அது என் வேன் கதவு” என்று முதலில் மண்டபத்துக்கும், பிறகு சமையல்கட்டுக்கும், பிறகு வாசலில் நிற்கிறவர்களுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் போடச் சொல்வேன். அவர் சம்மதிக்கவில்லை என்றால் போட வேண்டாம், வேறொரு நாள் சம்மதிப்பார். பாட்டு இருந்தால்தானே அந்த நாள் வரும்? நீ அழித்துவிட்டால், அந்தப் பாட்டு எங்கள் சாவைக் கேலி செய்தது என்று அவர் சாகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார். அவரையும் நீ அப்படியே விட்டுவிடப் போகிறாயா?

போன வாரத்திலிருந்து வண்டியில் ஒரு காரியம் செய்கிறேன். சாயங்காலம் பெயர் கூப்பிடும்போது, எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, என்னை அறியாமல் உன் பெயரையும் கூப்பிட்டுவிடுகிறேன். முதல்நாள் பெண்கள் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதில்லை, அவர்களும் காத்திருக்கிறார்கள். “கதிருக்கு இன்னும் கோவம் போகலையா அண்ணாச்சி?” என்கிறாள் முருகாயி. ஒருத்தர் பதில் சொல்லாவிட்டாலும் நான் கதவைச் சாத்துவதில்லை என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் அதற்காக என் மேல் எரிச்சல்பட்டவன் நீ, பாட்டாக்கியதும் நீ.

எல்லாரும் சொல்லிவிட்டார்கள், கதிரு. நீ ஒருவன்தான் பாக்கி. போனை எடு.

அப்பா